புகை தெரிகிறதா?

காலை எட்டரைக்கு என் தம்பி லீலண்ட் வீட்டுப் பின்கட்டில் புகை நின்றுவிட்டது.

எனக்கு முன்னால் அவனே பார்த்துவிட்டான். மாட்டு ஏலக் கொட்டகையில் அவனுக்கு வேலை. மேட்டில் இருக்கும் அந்தக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் இரண்டு வீட்டுக் கூரையும் தெரியும்.

"அக்கா, என் வீட்டுல புகையக் காணோமே. அவ என்ன பண்றான்னு ஒரு எட்டு போய்ப் பாரு," என்றான் போனில்.

அவள் என்றால் டெனிஸ், அவன் பெண்டாட்டி. விடியுமுன்பே இவன் புகையடுப்பை மூட்டிவிட்டுப் போயிருந்தான். மாட்டு நெஞ்சுக்கறி முழுத்துண்டுக்கு உப்பும் மிளகும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தான். ஏழு மணிக்கு அவள் கறியை உள்ளே வைத்து மூட வேண்டும். அடுப்போடு ஒட்டிய விறகுப் பெட்டியில் மணிக்கு ஒரு ஓக் கட்டை போட வேண்டும். மாலை ஏழுக்கு அவன் நண்பர்களோடு வந்து திறப்பான். நடுவில் யாரும் மூடியைத் தொடக்கூடாது. டெக்சாஸில் இது சட்டத்துக்கும் ஒரு படி மேல்.

தெருவைக் கடந்து போனேன்.

டெனிஸ் மேல் எனக்குப் பல மாதமாகச் சந்தேகம். நாத்தனார்தானே, சந்தேகப்படாமல் என்ன செய்வாள் என்பீர்கள். ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவளை யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். எவனோ வாங்கிக் கொடுத்த வளையலை மறைக்கிறாள் என்று முடிவே கட்டியிருந்தேன்.

கார் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவள் ஒருநாளும் அப்படி நிறுத்த மாட்டாள்.

உள்ளே சோபாவில் அவர்கள் மகள், ஐந்து வயது கோரா ஷூ மாட்டி, கயிறு கட்டி, தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் எந்தக் குழந்தை ஷூ போடும்?

சமையலறையில் ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. மேல்கம்பி செக்கச்செவேல் என்று பழுத்திருக்க, அதற்கு நாலு விரல் கீழே, தட்டில், என் தம்பியின் நெஞ்சுக்கறி துண்டு துண்டாகச் சீறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணி நேரம் வேக வேண்டியதைப் பத்து நிமிடத்தில் வாட்டுகிறாள்! எங்கள் ஊரில் இப்படிச் செய்கிறவளை சர்ச்சில் முன்வரிசையில் உட்காரவிட மாட்டார்கள்.

மேசையில் ரொட்டி பாக்கெட் முழுவதையும் பிரித்துப் பரப்பியிருந்தாள். பக்கத்தில் அலுமினியத் தாள். வழியில் எந்தக் கடையிலும் நிற்க விரும்பாதவள்தான் இவ்வளவு கட்டுவாள்.

"யாருடி அவன்?" என்றேன்.

"யாருமில்ல அண்ணி."

கருகும் வாசனை வந்தது. அவள் அவசரமாகக் குனிந்தாள். அனல் தாங்காமல் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் தள்ளிவிட்டு, துணியால் பிடித்துத் தட்டை இழுத்தாள்.

வளையல் இல்லை. நாலு விரல் தடம் ஒரு பக்கம், கட்டைவிரல் தடம் மறுபக்கம். மேலே பழசு, மஞ்சளாக. கீழே புதுசு, கருநீலமாக.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அப்போது என் பையில் போன் அடித்தது. அதன் திரையில் தம்பியின் முகம். சோபாவில் இருந்த கோரா சத்தமில்லாமல் இறங்கி, அதன் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பழகிய இடத்துக்குப் போவது போல் போனாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் சின்ன வயதில் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவள்தான். எங்கள் அம்மாவும் ஆகஸ்டில் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். அவ்வளவும் தெரிந்தவள், இத்தனை மாதமாக வளையலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஈரக் கட்டைடா, வேற ஒண்ணுமில்ல," என்றேன் போனில். "நான் பாத்துக்கறேன். நீ வேலையப் பாரு."

டெனிஸ் என்னை நம்பவில்லை. அவள் கண் கதவுக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தது. நான் அவள் கையிலிருந்த தட்டைத் துணியோடு வாங்கி மேசையில் வைத்தேன்.

"மிச்சத்த நாருக்குக் குறுக்கா வெட்டுடி. மெல்லிசா வெட்டு. நார் வாக்குல வெட்டினா புள்ள வழியெல்லாம் மென்னுக்கிட்டே கெடக்கும்."

பின்கட்டுக்குப் போனேன். சாம்பலைக் கிளறி, சுள்ளி வைத்து ஊதினேன். கண் கரிந்தது. பச்சை ஓக் கட்டை ஒன்றை மேலே போட்டதும் கூரைக்கு மேல் புகை வெள்ளையாக எழும்பியது. முன்பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சிறிது நேரத்தில் போன்.

"இப்பத்தான் தெரியுது அக்கா. மூடியத் திறந்துடாதே, என்ன?"

"ஏழு மணி வரைக்கும் ஒருத்தரையும் தொட விடமாட்டேன்," என்றேன்.

சொன்னபடியே செய்தேன். மணிக்கு ஒரு கட்டை. நடுப்பகலில் தெருவில் போன இரண்டு பேர் வாசனை நன்றாக இருக்கிறது என்று கையாட்டிவிட்டுப் போனார்கள். ஆறு மணிக்கெல்லாம் அவள் மாநில எல்லையைத் தாண்டியிருப்பாள்.

ஆறே முக்காலுக்குக் கடைசிக் கட்டையைப் போட்டேன். உள்ளே வெறும் கம்பித்தட்டு. நாற்காலியை இழுத்து மூடியின் முன்னால் போட்டுக்கொண்டு, தம்பிக்காக உட்கார்ந்தேன்.