வேட்டி மட்டும் வெளுத்தது

தி.நகர் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் திரையில், மகள் கல்யாணத்தில் எடுத்த சுப்பராமனின் படம் மஞ்சளடித்துத் தெரிகிறது. மாலை போட்டு மாட்ட அந்தப் படம்தான் வேண்டுமென்று வந்து உட்கார்ந்திருக்கிறாள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. "புது டிஜிட்டல் கேமரா, மாமி. மண்டபத்து பல்பைப் பார்த்தா இதுக்குக் காமாலை வந்துடும்" என்று சிரிக்கிறான் நதீம். கேமரா பார்த்ததைப் பார்த்தபடியே வைத்திருக்கும் கோப்பைத் திறந்து, இதுதான் வெள்ளை என்று அதற்குக் காட்ட வேட்டியின் மேல் மவுஸை அழுத்துகிறான். வேட்டி பளிச்சென்று வெளுக்கிறது. பின்சுவரும் வெளுக்கிறது. அவர் முகமும் கண்களும் மஞ்சளாகவே நிற்கின்றன. மறுபடி அழுத்திப் பார்க்கிறான். "காமாலை கேமராவுக்கு இல்லைப்பா, அவருக்கு. டாக்டர் சொன்னது கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. அன்னிக்குப் பூரா பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்." நதீமின் சிரிப்பு நின்றுபோகிறது. "கண்ணை மட்டும் வெள்ளையாக்கிடட்டுமா, மாமி?" "வேண்டாம்." நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொள்கிறாள். "இப்பவாவது பார்த்துக்கறேன்."