கரடிப்பாறை உச்சி

கணவர் இறந்து நாற்பது நாள் கழித்து வசுமதி கரடிப்பாறைக்கு ஏறினாள். பன்னிரண்டு வருடங்களாக மே மாதம்தோறும் அவர் தனியாகப் போய்வந்த மலை. உச்சியில் அல்லி பூத்த சுனை இருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே வெறும் பாறைதான் இருந்தது.

"சுனை எங்கே?" என்று வழிகாட்டி பொம்மனிடம் கேட்டாள்.

"இந்த மலையில சுனையே இல்லீங்களே."

கைப்பேசியில் கணவரின் படத்தைக் காட்டினாள். பொம்மன் தயங்கினான்.

"இவரு மலை ஏறினதில்லைங்கம்மா. ஊருக்குள்ள பாக்கியம் டீச்சர் வீட்டுலதான் தங்குவாரு."

வசுமதி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. வெகுநேரம் கழித்து, "அவர் போய்ச் சேர்ந்தது அந்த டீச்சருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாதுங்க. அவரு வர்ற மாசமாச்சேன்னு நேத்துதான் வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க."

வசுமதி எழுந்தாள். "அந்த வீட்டைக் காட்டு."