ஆயிரம் கிலோமீட்டர் சலுகை

மின்சாரக் கார் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் குறையும். செங்கல்பட்டு மங்கையர்க்கரசியோ ரயிலில் வேலைக்குப் போகிறவள். அதனால் தினமும் காரை மாடு மாதிரி அவிழ்த்துவிடுவாள். அதுவும் பழகிய வழியெல்லாம் தானாகச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும்.

லீவு போட்ட ஒரு நாள் அவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். தூறலில் மிதந்துபோன கார், மூன்றரை மணிக்கு ஒரு நர்சரிப் பள்ளி வாசலில் நின்று கதவைத் திறந்தது.

"பாப்பா ஏறியாச்சா?" என்று கேட்டது கார்.

சின்ன வயதில் இங்கே படித்த மகள் நிறைமதி கனடாவுக்குப் போயே ஆறு வருடமாகிறது. கார் தினமும் இப்படிக் கேட்டுக் கேட்டு, பதிலில்லாமல் திரும்பியிருக்கிறது.

மங்கையர்க்கரசி நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறிட்டா. மெதுவாப் போ."