ஊசிப் போட்டி

“என்ன வே, இன்னும் சுருண்டுதான் கெடக்கீரா? நான் ஓவர்டைமே முடிச்சுட்டு வந்துட்டேன். கெளம்பும், ஊசிக்கு நேரமாச்சு.”

வாசலில் நின்று தளவாய் கேட்டதும் எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் நாகப்பனும் தென்காசிக்காரன் தளவாயும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். அங்கே நடந்த ரத்ததான முகாமில்தான் ரெண்டு பேருக்கும் ஹெபடைட்டிஸ் சி என்று தெரிந்தது. கல்லீரலைத் தின்கிற கிருமி.

வாரம் ஒரு ஊசி, வயிற்றில். போட்ட ராத்திரி குளிர் ஜுரம், வாந்தி. முடி கொத்துக் கொத்தாக உதிரும். நாகப்பனுக்கு ஒரு வருஷம் போட வேண்டும், பாதியில் விட்டால் போட்டதெல்லாம் வீண், கல்லீரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதலில் ரெண்டு பேரும்தான் சுருண்டார்கள். ஆறு மாசம் தாண்டியதும் தளவாய் தேறிவிட்டான். நாகப்பன் தேறவில்லை. செத்தாலும் சரி, இனிமே ஊசி வேணாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

“அப்ப நிறுத்திக்கிடும். தளவாய் ஜெயிச்சான், நாகப்பன் தோத்தான்னு லைன் பூரா சொல்லிருதேன்.”

“ஒடம்பு முடியாதவங்கிட்ட பேசுற பேச்சா இது? மன்சன்தானா நீ?” என்றாள் எழிலரசி.

தளவாய் காதில் வாங்காமல் வண்டியைக் கிளப்பினான். நாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோய்ப் பின்னால் ஏறினான்.

வருஷம் முடிகிறவரை வாரா வாரம் இதே கூத்து.

ஊசியெல்லாம் முடிந்து ஆறு மாசம் கழித்து எடுத்த டெஸ்ட்டிலும் நாகப்பன் ரத்தத்தில் கிருமி இல்லை. டாக்டரே எழுந்து கை கொடுத்தார். எழிலரசி ஆஸ்பத்திரி பூரா லட்டு கொடுத்தாள்.

ஊசி போட்ட நர்ஸ் சந்திரம்மாளிடம் மட்டும் நின்று, அந்த வாய்க்கொழுப்பு புடிச்ச தளவாய்க்கு இன்னா ஆச்சி என்று கேட்டாள்.

“அவருக்குக் கிருமி எப்பவோ போச்சிம்மா. பேரு ஒண்ணுன்னாலும் கிருமி வேற வேற ரகம். அவரோடது சொர்ணவாரி நெல்லு மாதிரி, சீக்கிரம் அறுத்துடலாம். உங்க வூட்டுக்காரரோடது சம்பா, நாளாவும். தளவாய்க்கு ஆறே மாசத்துல ஊசி முடிஞ்சிது.”

பக்கத்தில் நின்ற நாகப்பனுக்குப் புரியவில்லை.

“அதுக்கப்புறமும் நான் போட்டுக்கினு வந்தவொடனே அவன் உள்ள போனானே?”

“வருவாரு. எங்கிட்ட ஒரு பஞ்சு மட்டும் வாங்கி, வயித்துல அழுத்திப் புடிச்சிக்கினு, உங்க கண்ணுல படுற மாதிரி வெளிய போவாரு.”