மூன்றாவது குழி

“உன் கையில நீயே குத்திக்கறதுக்கு என் கையில ஒத்திகையா?” என்று சிரித்தாள் மோகனப்ரியா.

எஸ்லின் அவள் கையில் ரப்பர் பட்டையை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டினாள். மோகனாவின் வளையல்கள் முழங்கைவரை தடையில்லாமல் ஏறிப்போயின. ஊசி இறங்கியது. பச்சை மூடி போட்ட குழாயில் ரத்தம் நிறைந்தது.

“வலிச்சுதா?”

“எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு. நல்லாத்தான் குத்தற புள்ள. இத என்னா பண்ணுவ?”

“கொட்டிருவேன்.”

“அடிப்பாவி! அதுக்கு ஒரு மோராவது வாங்கிக் குடு. காரம் கீரம் போடச் சொல்லாத, வாயெல்லாம் புண்ணு. எத்தன மாத்திர போட்டாலும் ஆறவே மாட்டேங்குது.”

ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் மோகனாவுக்கு வரவேற்பறையில் வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் போன் எடுப்பாள், மூன்றிலும் சண்டை போடுவாள். எஸ்லினுக்கு உள்ளே, ரத்தக் குழாய்களோடு வேலை. அவளுக்கு அதுதான் வசதி. குழாய்கள் கேள்வி கேட்பதில்லை.

அங்கே காசநோய்க் கிருமியின் புரதத்தை வைத்து ஆராய்ச்சி நடந்தது. ஒவ்வொருவரின் ரத்தத்தையும் பிளாஸ்டிக் தட்டில் மூன்று குழிகளில் விடுவார்கள். முதல் குழியில் வெறும் ரத்தம் மட்டும். இரண்டாவதில் அந்தப் புரதம். கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் என்றால் அதை அடையாளம் கண்டு துள்ளும். மூன்றாவதில் பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு பொருள். நல்ல உடம்பின் அணுக்கள் அதற்குத் துள்ளியே தீரும்.

நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். ஊழியர்கள் முறை வைத்துக் கொடுப்பார்கள். அன்று எஸ்லின் முறை.

போன முறை டிரைவர் சுடலைமுத்துவின் ரத்தம் இரண்டாவது குழியில் துள்ளியது. “நோயெல்லாம் ஒண்ணும் இல்ல, எப்பவோ கிருமி வந்து போயிருக்கு. நம்ம ஊர்ல நெறையப் பேருக்கு இப்படித்தான்” என்றார் ஆய்வுக்கூடத்தின் தலைவர் மாதவன். ஆனாலும் மறுநாளே சுடலைமுத்துவின் டீ டம்ளர் ஜன்னலோரம் தனியாகப் போய்விட்டது.

அதை நகர்த்தி வைத்தவள் எஸ்லின்தான்.

எஸ்லினின் அப்பா காசநோயில் செத்துப்போனவர். வேலைக்குச் சேர்ந்தபோது மாரடைப்பு என்று சொல்லியிருந்தாள். கடைசிவரை அவருக்குக் கஞ்சி ஊட்டியது அவள்தான். இரண்டாவது குழியில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ரத்தம் தரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தந்தால் ஜன்னலோரம் இன்னொரு டம்ளர் சேரும்.

மதியத்துக்குமுன் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு மாதவனிடம் போனாள். தன் பெயர் எழுதிய குழாயை நீட்டினாள்.

“யாரும்மா எடுத்து விட்டா?”

“நானே சார்.”

“நீயேவா? தைரியசாலிதான் போ.”

எஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். கழிவறைக்குப் போய்ப் பஞ்சை உரித்தாள். அது ஒட்டியபோது இருந்தது போலவே வெள்ளையாக இருந்தது. இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளினாள்.

முடிவு வந்த அன்று மாதவன் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“உக்காரும்மா. ரெண்டாவது குழியில ஒண்ணும் இல்ல.”

எஸ்லின் மூச்சு விட்டாள். கூடவே காது மடல்கள் சுட்டன. ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்த டம்ளர் ஞாபகம் வந்தது.

“மூணாவதுலயும் ஒண்ணும் இல்ல.”

“அந்த பீன்ஸ் மருந்து கெட்டுப் போயிருக்கும் சார்.”

“அதே தட்டுல மத்தவங்களோடது எல்லாம் நல்லாத்தான் துள்ளியிருக்கு. உன்னோடத நாலஞ்சு எடத்துல விட்டுப் பாத்தேன். எதுக்குமே அசையல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இத மட்டும் வச்சு இன்ன நோய்னு சொல்ல முடியாது, பயப்படாத. ஆனா எதிர்ப்பு சக்தி படுத்துக் கெடக்கு. பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். இன்னைக்கே போயிடணும். எடை கொறஞ்சுதா? காய்ச்சல் வருதா?”

எஸ்லின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் நிற்காமல் வந்தது.

டீ கொண்டுவந்த மோகனா வாசலிலேயே நின்றாள். “அய்யோ, என்னா சார் ஆச்சு இவளுக்கு?”

மாதவன் தயங்கினார். “ரத்தத்துல ஒரு கொற தெரியுது. பெங்களூர் போய்க் காட்டணும்.”

“அதுக்கா இந்த அழுவ?” மோகனா தட்டை வைத்துவிட்டு எஸ்லினின் தோளை அணைத்தாள். “நான் கூட வர்றேன் புள்ள. ஜூஜுவாடி தாண்டுனா பெங்களூருதான? அந்த டாக்டர நான் கன்னடத்துல பேசியே மடக்கிடறேன் பாரு.”

எஸ்லின் விலகப் பார்த்தாள். மோகனா விடவில்லை.

“ஒட்டிக்கும்னு பயப்படறியா? லூசு. இந்தா, உன் டம்ளர்லயே குடிக்கறேன்.” எஸ்லினின் டீயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள். சூடு நாக்கில் பட்டதும் முகம் கோணி, கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்லின் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“மோகனா, அது உன் ரத்தம்.”