முதல் தட்டில் ஒரு விரிப்பு

அன்று அந்த உறையூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டின் தலைவி பொன்னுத்தாய், ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஆனந்தவள்ளி, மகன் சரவணன், அவன் மனைவி மலர்க்கொடி, பக்கத்து வீட்டு டோரதி டீச்சர். வேறு யாரும் அங்கே இல்லை. தானும் இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆனந்தவள்ளி கட்டில் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். திருட்டுப் பொருளைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் போல நின்றாள்.

மறுநாள் கடைசி மகன் பாலுவுக்குத் துறையூரில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டுக்குப் போக வேண்டிய தட்டுகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. முதல் தட்டில் என்ன போக வேண்டும் என்று முடிவு செய்வது இதுவரை ஆனந்தவள்ளியின் உரிமை. இந்த முறை, மருமகள் தைத்த விரிப்பு போகட்டும் என்று பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள்.

அலமாரியில் அடைந்து கிடந்த ரவிக்கைத் துணிகளையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போட்டு, மழைக்காலம் முழுவதும் மலர்க்கொடி தைத்த விரிப்பு அது.

"கண்ணை எடுக்க முடியல. எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன் மலரு" என்றாள் டோரதி.

ஆனந்தவள்ளிக்கு வயிறு எரிந்தது. அவள் தேடித் தேடி வாங்கி வந்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழை அதுவரை ஒருவர்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

"தூரத்துலேர்ந்து பார்க்கத்தான் அழகு. இந்தப் பச்சையைப் பாருங்க, கொசுவலை மாதிரி இருக்கு. இந்தச் சிவப்பு ஒரு தண்ணிக்குத் தாங்குமா? சம்பந்தியம்மா தோய்ச்சாங்கன்னா கையெல்லாம் சாயம்!"

"நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றான் சரவணன்.

"நீ பேசாம ஃபோனைப் பாரு. பொண்டாட்டி தைச்சா உனக்குச் சாக்குப்பைகூடப் பட்டாத்தான் தெரியும்."

பொன்னுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டு வாசல் ஏறிய பெண் எவளும், பெற்ற மகளே ஆனாலும், வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொள்ளாமல் படி இறங்கியது கிடையாது. குடும்ப கௌரவம் என்றால் அவளுக்கு உயிர்.

"மட்டமான துணி நம்ம வீட்டுத் தட்டுல போகாது" என்றாள். "ஏம்மா மலர், இதெல்லாம் ஏது?"

"அலமாரியில இருந்ததுதான் அத்தை."

"அலமாரி என்ன, துணி காய்க்கிற மரமா?" ஆனந்தவள்ளி விடவில்லை. "முசிறியிலேர்ந்து உங்க அம்மா மூட்டை கட்டி அனுப்புன மட்டத் துணின்னு சொல்லிடேன். தெருவுல எல்லாரும் பேசிக்கிறாங்க."

"எல்லாரும்னா யாரு? காலையில நீங்கதானே எங்கிட்ட வந்து சொன்னீங்க" என்றாள் டோரதி.

அதுவரை தலை குனிந்திருந்த மலர்க்கொடி எழுந்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து ஆனந்தவள்ளியின் முன்னால் வைத்தாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க அண்ணி. எங்க அம்மாவைச் சொல்லாதீங்க."

அது ஆனந்தவள்ளி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் கொடுத்த தாம்பூலப் பை. அவள் கணவர் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. உள்ளே, கவர் பிரிக்காமல், அதே கொசுவலைப் பச்சை.

"இது ஒண்ணுதான் மிச்சம். மத்ததெல்லாம் நவராத்திரிக்கும் ஆடிப் பெருக்குக்கும் நீங்க எனக்கு வெச்சுக் குடுத்ததுதான். தூக்கிப் போட மனசு வரல. உப்புத் தண்ணியில ஊற வெச்சு, சாயத்தை எடுத்து, அடியில நல்ல காடாத் துணி குடுத்துத் தைச்சேன். இனிமே கிழியாது அண்ணி."

சரவணன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான்.

ஆனந்தவள்ளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு முன் ஒரு நாளும் அவள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. "நான் என்ன கடைக்குப் போயா..." என்று ஆரம்பித்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

டோரதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடேங்கப்பா! தம்பி பொண்டாட்டிக்குன்னு பொறுக்கிப் பொறுக்கி மட்டத் துணியா வாங்கிக் குடுத்திருக்கீங்களே ஆனந்தவள்ளி! தெருவுல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

ஆனந்தவள்ளியின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொன்னுத்தாய் எழுந்து வந்தாள். விரிப்பைத் தன் கையாலேயே மடித்து முதல் தட்டில் வைத்தாள். பக்கத்தில் வெள்ளிச் சிமிழையும் வைத்தாள். பிறகு, கழுத்தை இம்மியும் வளைக்காமல் டோரதியின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், வெளியில தப்பாச் சொல்லிடாதீங்க. என் பொண்ணு வாங்கல. அவளுக்கு வெச்சுக் குடுத்ததே நான்தான்."