இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்

டாக்டர் மமதா ஒரு தாளில் இரண்டு மாத்திரைகளின் பெயர்களை எழுதி இளவேனிலின் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலாவது, தூக்கம் கொடுக்கும். ஆனால் பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

இரண்டாவது, அப்படிப் பிடித்துக்கொள்ளாது. வேலை செய்ய ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடலாம்.

டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் தொடர்ந்தார். "நோடி, பாருங்க, ரெண்டுல எது சாப்பிட்டாலும் காதுக்குள்ள கேக்குற சத்தம் நிக்காது. அதுக்கு நீங்க பதறுறதுதான் கொறையும். கூடவே தெரபியும் வேணும். எது ஓகேன்னு யோசிச்சு சொல்லுங்க."

இளவேனில் தாளையே பார்த்தாள்.

எட்டு மாதமாக இடது காதில் ஓயாத கூவல். போதாததற்கு, ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் மண்டைக்குள் ஊசி இறங்கியது. இவர் மூன்றாவது டாக்டர். முதல் இருவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அவள் வாங்கவே இல்லை.

படபடப்பு கூடும் என்றால் எவ்வளவு கூடும்? காலை ஆறரைக்கு ஆபீஸ் கேப் வாசலில் நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு எப்படி ஏறுவது?

மாத்திரை சாப்பிட்ட பிறகு இரைச்சல் இரண்டு மடங்கானதாக யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் பத்து தடவையாவது படித்திருப்பாள். தனக்கும் அப்படி ஆகிவிட்டால்?

உள்ளங்கை வியர்வையில் தாளின் ஓரம் நமுத்துப்போனது.

"வீட்ல எப்படி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல டாக்டர். எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்க."

பொய் இல்லை. அவள் கணவன் கவியரசன் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் மாட்டியிருந்தான். அவள் ஆபீஸ் கிளம்பிய பிறகுதான் மிக்சியைப் போடுவான். டி.வி. ஓடிப் பல மாதம் ஆகிறது. ஐந்து வயது மகள் ஷ்ரேயாவும் சமர்த்து. இதோ, சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை பேர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யும்போது மாத்திரை எதற்கு? இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

படக்கென்று ஒரு சத்தம். அவளுடைய கைகள் தாமாகவே காதுகளைப் பொத்தின.

கீழே விழுந்த கிரேயானை எடுக்கக் குனிந்த ஷ்ரேயாவின் விரல் நாற்காலியின் மடிப்பில் நசுங்கியிருந்தது. விரலை உருவிக்கொண்டாள். முகம் சிவந்து, வாய் அகலமாகத் திறந்தது.

சத்தம் வரவில்லை.

டாக்டர் எழுவதற்குள் குழந்தை இறங்கி நடந்தாள். கதவைத் திறந்து வெளியே போய், ஓசைப்படாமல் சாத்தினாள்.

இளவேனில் ஓடிப்போய்க் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஷ்ரேயா கதறிக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு கவுனின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

முதல் தடவையாகச் செய்கிற மாதிரி இல்லை.

கதவைத் திறந்து நின்ற அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"உனக்குக் கேட்டுச்சாம்மா?"

இளவேனில் குழந்தையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள். மடியில் உட்காரவைத்து, தாளில் இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"இதை எழுதுங்க டாக்டர். இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."

நகம் கறுக்கத் தொடங்கியிருந்த அந்தச் சின்ன விரலைக் கையில் வாங்கிக்கொண்டாள். "வலிக்குதா தங்கம்? அழு. இங்கயே அழு. சத்தமா அழு."

ஷ்ரேயா அழவில்லை. அம்மாவின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.